ஏழாம் பறவையின் வார்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தையல்காரியின் கணவருக்கு ஒரு டப்பா தேவைப்பட்டது. அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வீட்டில் எந்த டப்பா காலியானாலும் அதில் நட்டும் போல்ட்டும் போட்டு வைத்தால்தான் அவருக்கு நிம்மதி. ஜன்னலோரம் தையல் மெஷின் மேல் கிடந்த நீல மூடி டப்பாவை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.

"இதுல ஏதோ நாடா கிடக்கு. வேணுமா, வேணாமா?"

"பறவைக்குத் தைச்சதுல மிச்சம். கொட்டிட்டு எடுத்துக்குங்க" என்றாள் அவள், கையிலிருந்த பள்ளிச் சீருடையிலிருந்து தலையைத் தூக்காமலே.

அவர் கொட்டினார். மூன்று வார்கள் மேசைமேல் விழுந்தன. தற்செயலாகத்தான் அவள் திரும்பினாள். மெஷின் சக்கரத்தின் மேல் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஒன்றரை மாதத்துக்கு முன் அவள் பத்து வார்கள் தைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு வளையங்கள். பறவையின் இரண்டு தொடைகளிலும் மாட்டினால் நடுவில் இருக்கும் சின்னக் கருவி அதன் இடுப்பின்மேல் உட்காரும். அதை எல்லோரும் டேக் என்பார்கள். பறவை எங்கே இருக்கிறது என்று அது செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆண் பறவைக்குச் சிறிய அளவில் ஐந்து வார், பெண் பறவைக்குப் பெரிய அளவில் ஐந்து. பிடித்தது ஏழு பறவை: மூன்று ஆண், நான்கு பெண். அப்படியானால் சிறியது இரண்டும் பெரியது ஒன்றும் மிஞ்ச வேண்டும்.

மேசைமேல் பெரியது இரண்டு கிடந்தன. சிறியது ஒன்றுதான்.

டேப்பை எடுத்து அளந்தாள். மறுபடியும் அளந்தாள். டேப் மாற்றிச் சொல்லவில்லை. ஒரு பெண் பறவை ஆணின் வாரைப் போட்டுக்கொண்டு திரிகிறது.

"என்ன ஆச்சு? முகமே செத்துப்போச்சே" என்றார் கணவர்.

"ஒரு பறவைக்கு அளவு மாத்திப் போட்டுட்டோம்."

"அவ்ளோதானா? பிரிச்சுத் தைச்சாப் போச்சு."

"அது ரவிக்கையைத் தூக்கிட்டு நம்ம கடைக்கு வருமா? கடல்மேல போற பறவைங்க அது!"

அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

இந்த வேலைக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவளுடைய அண்ணன். அவர் வலைக்காரர், கரைப்பறவைகளை ஆராய்கிற நிலையத்தில் பறவை பிடிக்கும் வலைகள் அவர் பொறுப்பு. நிலையத்தை நடத்துகிற பெண்மணியை எல்லோரும் டாக்டர் என்று கூப்பிட்டாலும் அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பறவைகளைப் படித்துப் பட்டம் வாங்கியவர். அவர் வாங்கி வைத்திருந்த வார்கள் ஒன்றும் சரியாகப் பொருந்தாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நாளில், வலைக்காரர்தான் சொன்னார்: "என் தங்கச்சிகிட்ட குடுங்க. எறும்பைக் கொண்டுவந்து விட்டாக்கூட அளவெடுத்துச் சட்டை தைச்சுடுவா."

தைத்தாள். தைத்ததோடு விடாமல், மாட்டும்போதும் கூடவே இருந்தாள். அந்தப் பறவைக்கு மூக்கன் என்று பெயர். பெண்ணானாலும் மூக்கன்தான், அலகு அத்தனை நீளம். வந்திறங்கும்போது எலும்பும் தோலுமாக இருக்கும். இரண்டு மாதம் சேற்றுவெளியில் புழுவும் சிப்பியும் தின்று தின்று எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அப்புறம் ஒருநாள் காற்று திரும்பியதும் எழும்பி, எட்டு நாள் ஒன்பது நாள் எங்கும் இறங்காமல், தின்னாமல், தூங்காமல் பறக்கும். கடலில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் முடிந்தது.

எந்தப் பறவை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஏழாவது. கடைசிப் பறவை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, காற்றில் டப்பா கவிழ்ந்தது, பொறுக்கிப் போட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மற்ற மூன்று பெண் பறவைகளுக்கும் வார் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. கொழுக்கும்போது சரியாகிவிடும் என்றுதான் அந்த அளவு. ஏழாவதற்குத் தொளதொளப்பே இல்லை. டாக்டர் அடியில் விரல்விட்டுப் பார்த்து, "இதுதான் கச்சிதம்!" என்று பாராட்டக்கூடச் செய்தார்.

ஒல்லியாக இருந்தபோதே கச்சிதம். இப்போது?

சீருடையை அப்படியே மெஷினில் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

அண்ணன் நிலையத்தின் பின்பக்கம் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை ஊசியை நிறுத்தவில்லை. முடித்ததும் நிறுத்தினார்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

அவர் சேற்றுவெளிப் பக்கம் பார்த்தார். "அங்க நாலாயிரம் நிக்குது. ஒண்ணுக்காகப் போய் வாயைக் குடுத்து மாட்டிக்கணுமா? உன்னை நான்தான் கூட்டிட்டு வந்தேன். என் பேரும் சேர்ந்துதான் கெடும்."

"கெடட்டும்ணா. அந்த நூல் அறுந்து போகாது, நான் ரெட்டை நூல் போட்டிருக்கேன். முடிச்சுல பசை வேற. தொடை பெருக்கப் பெருக்க அது உள்ளதான் இறங்கும். நடுக்கடல்ல காலு செத்து, ரத்தம் கெட்டு..." அவள் அவர் மடியில் கிடந்த வலையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா தைச்சதுதான் தப்பாப் போச்சு."

அவர் ஊசியை வலையிலேயே குத்திவிட்டு எழுந்தார். "வா. நான் முன்னாடி போறேன்."

நிலையம் என்பது மூடிப்போன ஐஸ் தொழிற்சாலையின் அலுவலக அறைதான். சுவரில் ஈரம் பூத்திருக்கும். ஒரு நீள மேசை, இரண்டு கம்ப்யூட்டர், கூரையிலிருந்து ஒழுகுவதற்கு ஒரு வாளி. டாக்டர் திரையில் காற்று வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூன்று வார்களையும் மேசைமேல் வைத்தாள். பேச ஆரம்பிப்பதற்குள்ளேயே டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"எது?"

"ஏழு."

டாக்டர் ஏழாம் பறவையின் பத்து நாள் புள்ளிகளைத் திரையில் வரவழைத்தார். மற்ற ஆறும் கடல் ஓதம் வற்றும்போது சேற்றுவெளி முழுக்கச் சிதறி, ஏறும்போது மணல்திட்டுக்குத் திரும்பியிருந்தன. ஏழின் புள்ளிகள் நாளுக்கு நாள் சுருங்கின. கடைசி மூன்று நாளாக ஒரு விளையாட்டு மைதானத்தின் அளவுதான். ஓரத்தில் டாக்டரே எழுதி வைத்திருந்தார்: 'ஏழு — சோம்பேறி, நல்ல தீனி கிடைத்துவிட்டது போல.'

"சோம்பேறின்னு எழுதியிருக்கேன்" என்றார் டாக்டர். பிறகு திரும்பினார். "ஒன்றரை மாசம்! ஒன்றரை மாசமா அந்த டப்பா உங்க கையெட்டுற தூரத்துல இருந்திருக்கு!"

"ஆமா மேடம்."

"ஒரு தடவை எண்ணியிருந்தாப் போதுமே!"

"ஆமா மேடம்."

வலைக்காரர் குறுக்கே வந்தார். "திட்டுறதை வியாழக்கிழமை வெச்சுக்கலாம் டாக்டர். காத்து எப்போ திரும்புது?"

டாக்டர் திரையைப் பார்த்தார். "புதன் மத்தியானம்."

அப்படியானால் திங்களும் செவ்வாயும்தான். பகலில் வரும் இரண்டு ஓதம். தண்ணீர் முழுக்க ஏறும்போது மட்டும்தான் பறவைகள் எல்லாம் மணல்திட்டில் நெருக்கியடித்து நிற்கும். அப்போதுதான் வலைக்கு எட்டும்.

அது வெடிவலை. மணலில் மடித்துப் புதைத்து வைத்திருப்பார்கள். சுவிட்சை அழுத்தினால் நான்கு சிறு குழாய்களிலிருந்து இரும்புக் கட்டைகள் பாய்ந்து வலையை இழுத்துக்கொண்டு போய் விரிக்கும். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. அதனாலேயே ஆபத்து. வலைக்குப் பக்கத்தில், கட்டை பாயும் வழியில் ஒரு பறவை நின்றால் அதன் தலை போய்விடும். அதற்காக வலைக்கு முன்னால் இரண்டு குச்சிகள் நட்டிருப்பார்கள். குச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு பறவை நின்றாலும் சுடக்கூடாது.

திங்கட்கிழமை விடிவதற்குள் வலையைப் புதைத்துவிட்டார்கள். நிலையத்தின் ஆய்வாளர்கள் நான்கு பேர் படகின் பின்னால் பதுங்கினார்கள். தையல்காரி டாக்டரோடு சாக்கு மறைப்புக்குள் குப்புறப் படுத்து டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். பதினோரு மணிக்குத் தண்ணீர் ஏற ஏற பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. ஏழின் காலில் மஞ்சள் பட்டை உண்டு. அதைத் தேடிக் கண்டுபிடித்தாள். எல்லாப் பறவைகளும்தான் ஒற்றைக்காலில் நின்று ஓய்வெடுக்கும். ஆனால் ஏழு இடது காலைத் தூக்கி மடக்கவில்லை, தொங்கவிட்டிருந்தது.

"எவ்வளவு தூரத்துல நிக்குது?" என்று டாக்டர் கிசுகிசுத்தார்.

"ரொம்பத் தூரம் மேடம். வலை விரிஞ்சாலும் அதுல பாதிதான் போகும். அந்த முறிஞ்ச மரக்கட்டைகிட்ட."

காத்திருந்தார்கள். பறவைகள் நகரவில்லை. திடீரென்று நாலாயிரமும் ஒரே இரைச்சலாக எழும்பின. மேலே ஒரு வல்லூறு. திட்டு ஒரே நொடியில் வெறுமையானது. இல்லை, ஒரே ஒரு பறவை மட்டும் நின்றது. ஏழு. இரண்டு முறை தத்தி, மூன்றாம் முறைதான் எழும்பியது.

அன்று அதோடு முடிந்தது. ஒருவரும் ஒருவரையும் பார்க்காமல் வலையைச் சுருட்டினார்கள்.

மத்தியானம் டாக்டர் ஏழின் பழைய புள்ளிகளையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று போட்டுப் பார்த்தார். கடைசி மூன்று நாளாக ஓதம் ஏறும்போதெல்லாம் அது முறிந்த மரக்கட்டையிலிருந்து இருபது அடிக்குள்தான் நின்றிருக்கிறது.

"வலையை அங்க மாத்தணும்."

"அது பள்ளம்" என்றார் வலைக்காரர். "தண்ணி சீக்கிரம் வந்துடும். சிக்குன பறவையை எடுக்கிறதுக்குள்ள வலையோட முங்கிடும். ஒண்ணைக் காப்பாத்தப் போய் அறுபதைக் கொல்லப் போறீங்களா?"

"எவ்வளவு நேரம் கிடைக்கும்?"

அவர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்க்கவில்லை; கடலைப் பார்த்தார். "சரியான நேரத்துல சுட்டா எட்டு நிமிஷம். ஒம்பதாவது நிமிஷம் தண்ணி யார் பேச்சையும் கேட்காது."

"எட்டு போதும்."

"போதுமா போதாதான்னு நாளைக்குத் தெரியும்" என்று அவர் எழுந்து போனார்.

செவ்வாய்க்கிழமை வெயில் இல்லை. வானம் சாம்பல் நிறமாக இருந்தது. பதினொன்றரைக்கு ஏழு வந்து இறங்கியது. மரக்கட்டைக்குப் பக்கத்தில்தான். ஆனால் குச்சிகளுக்கு இந்தப் பக்கம். வலையின் வாயிலேயே நின்றது.

"இப்போ அழுத்தினா நேரா அது மேலதான்" என்றார் டாக்டர். சுவிட்சின் மேல் இருந்த கட்டைவிரலை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார். வாக்கி டாக்கியில் மெல்லச் சொன்னார்: "அண்ணா, கொஞ்சம் அசைச்சு விடுங்க. பறக்கக்கூடாது. நடக்கணும்."

மறுகோடியில் வலைக்காரர் தண்ணீரில் முழங்காலிட்டு ஊர்ந்து வந்தார். ஓரடி வைப்பார், நிற்பார். பறவைகள் அவரைப் பார்த்துத் தலையைத் தூக்கும், அவர் உறைந்துவிடுவார். மறுபடி ஓரடி. ஓரத்துப் பறவைகள் சலித்துக்கொள்வதுபோலக் குச்சிகளைத் தாண்டி நடந்தன. பின்னாலேயே மற்றவையும் நடந்தன. ஏழு நடக்கவில்லை. காலை ஊன்ற முடியாமல் நின்ற இடத்திலேயே நின்றது.

தண்ணீர் வலைக்கு மூன்றடி தூரத்தில் நுரைத்தது.

"இன்னும் ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல நான் அழுத்த மாட்டேன்" என்றார் டாக்டர். அவர் மூச்சு அவள் தோளில் சுட்டது.

வலைக்காரர் இன்னும் ஓரடி வைத்தார். ஏழு சிறகைப் பாதி விரித்தது. பறந்துவிடும் என்று தையல்காரி பல்லைக் கடித்தாள். பறக்கவில்லை, ஒற்றைக்காலில் தத்தியது. ஒன்று, இரண்டு, மூன்று தத்தல். அப்புறம் மணலில் அப்படியே வயிற்றை வைத்து உட்கார்ந்துவிட்டது. நடுவில் வேறு பறவைகள் வந்து மறைத்தன.

"எனக்குத் தெரியல. முன்னாடி நிக்கிற ரெண்டும் மறைக்குது. உங்களுக்குத் தெரியுதா? குச்சியைத் தாண்டிடுச்சா?"

டெலஸ்கோப்பில் மஞ்சள் பட்டை தெரியவில்லை. அலகின் நுனி தெரிந்தது. அதற்கும் குச்சிக்கும் இடையே மணல் தெரிந்தது. இருபது வருடமாக ஆளைப் பார்த்தே தோள் அளவு சொல்கிற கண். இந்த ஒன்றரை மாதமாக அந்தக் கண்ணுக்கு ஏழாம் பறவையின் வாரில் நடந்த தவறு தெரியவில்லை என்பதும் அவளுக்கு நினைவிருந்தது.

"தாண்டிடுச்சு. ரெண்டு முழம் இருக்கும்."

"நிச்சயமா?"

தவறினால் அந்தப் பறவையின் மண்டை சிதறும். அதற்கும் அவள்தான் காரணமாவாள். சொல்லாவிட்டால் நாளைக்கு அது பறந்துபோய்க் கடலில் விழும்.

"நிச்சயம். அழுத்துங்க."

வெடிச்சத்தம் நெஞ்சில் இடித்தது. புகை கலைவதற்குள் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வலைக்கு அடியில் அறுபதுக்கும் மேல் பறவைகள் படபடத்தன. ஆய்வாளர்கள் சாக்குத் துணியை மேலே போட்டதும் இருட்டில் அவை அடங்கின. டாக்டர் நிமிடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பறவைகளை உருவி, துணிக் கூண்டுகளுக்குள் விட்டார். "ஒண்ணு! ... ரெண்டு!"

தையல்காரி தவழ்ந்தபடி ஒவ்வொரு பறவையின் காலாகப் பார்த்தாள். மஞ்சள் இல்லை. மஞ்சள் இல்லை. நான்காம் நிமிடம் தண்ணீர் வலையின் ஓரத்தைத் தொட்டது. ஐந்தாம் நிமிடம் அவள் மணிக்கட்டு வரைக்கும் வந்தது. வலைக்காரர் கடல் பக்க ஓரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்றார். "பாப்பா, சீக்கிரம்! கனக்குது!" கூந்தல் நரைக்க ஆரம்பித்த தங்கையை அவர் பாப்பா என்று கூப்பிட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது.

ஏழாம் நிமிடம் வலைக்கு அடியில் ஒரு மெல்லிய கம்பி ஆடுவதைப் பார்த்தாள். டேக்கின் ஆன்டெனா. இரண்டு கையாலும் அள்ளினாள். வலைக்கண்ணிலிருந்து அலகை விடுவித்து மார்போடு அணைத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். பின்னாலேயே கடைசிப் பறவைகளோடு மற்றவர்களும் வந்தார்கள். வலைக்காரர் தோளை இறக்கியதும் வலை தண்ணீருக்குள் போனது. உள்ளே ஒன்றும் இல்லை.

மணல்மேட்டில் டாக்டர் பறவையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டார். இறகை விலக்கினார்கள். இடது தொடையில் வார் தெரியவே இல்லை. சதை மேலே பொங்கி மூடியிருந்தது. புண் வாடை வந்தது. வலது பக்கம் சிவந்து கன்றியிருந்தது.

"நீங்களே வெட்டுங்க. எங்க முடிச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

நூல் பிரிக்கும் சின்னக் கத்தரியின் நுனியை அவள் சதைக்கும் நாடாவுக்கும் நடுவில் நுழைத்தாள். பறவை ஒரு தடவை துடித்தது. அப்புறம் அவளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. இரட்டை நூல் லேசில் விடவில்லை. இரண்டு முறை கத்தரி வழுக்கியது. மூன்றாம் முறை 'நறுக்'கென்றது. நாடாவை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உருவினாள். ரத்தம் கசிந்தது.

"ரத்தம் வருது மேடம்."

"வரட்டும். வராம இருந்தாத்தான் பயப்படணும்."

வலது வளையத்தையும் வெட்டி டேக்கைக் கழற்றி, புண்ணைக் கழுவி, மருந்து தொட்டு வைத்தார்கள். எடை போட்டார்கள், பறந்துபோகத் தேவையான எடையில் முக்கால்தான் இருந்தது. அடைத்து வைத்துப் பார்க்கலாமா என்று ஓர் ஆய்வாளர் கேட்டார். டாக்டர் வேண்டாமென்று தலையசைத்தார். "கூண்டுல வெச்சா பயத்துலயே தின்னாது. இதுக்கு இப்ப மருந்து சேறுதான்."

மற்ற பறவைகளையெல்லாம் விட்ட பிறகு, ஓரத்து ஈர மணலில் ஏழாம் பறவையை வைத்தாள். சரிந்து விழுந்தது. மறுபடி எழுந்தது. இடது காலை ஊன்றி, சட்டென்று தூக்கி, மறுபடி ஊன்றியது. நாலு அடி நடந்து, நீள அலகைச் சேற்றில் கண்வரை குத்தி எதையோ இழுத்து விழுங்கியது.

தையல்காரி அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதாள். வலைக்காரர் தோளைத் தேய்த்துக்கொண்டே, "அது திங்குது. நீ ஏன் அழுவுற?" என்றார்.

புதன் மாலை நான்கு மணிக்குக் காற்று திரும்பியது. முதல் கூட்டம் கத்திக்கொண்டே எழும்பி, வளைந்து, நீளக்கோடாகி மறைந்தது. வாரக் கடைசிக்குள் மற்ற ஆறு டேக்குகளும் கடல்மேல் இருந்தன. ஏழு போகவில்லை. தினமும் கடை அடைத்துவிட்டு டெலஸ்கோப்போடு போய் உட்கார்ந்தாள். ஒருநாள் நொண்டல் அதிகமாகத் தெரியும், மறுநாள் குறைந்திருக்கும்.

டாக்டர் அறிக்கை எழுதியபோது அவளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். அளவு மாறியதற்குத் தைத்தவரும், விரல்விட்டுப் பார்த்தும் கவனிக்காததற்குத் தானும் பொறுப்பு என்று எழுதியிருந்தார்.

"உங்க பேர் எதுக்கு மேடம்?"

"கச்சிதம்னு சொன்னது யாரு? நானாச்சே." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த வருஷம் பெண் பறவைக்குச் சிவப்பு நூல், ஆணுக்குக் கறுப்பு. சரியா?"

அடுத்த வருடமும் அவள்தான் தைக்கப் போகிறாள் என்பது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

வாரை வெட்டிய பன்னிரண்டாம் நாள் சேற்றுவெளியில் நாற்பது, ஐம்பது மூக்கன்கள்தான் மிச்சம். அன்று மாலை அவையும் எழும்பின. எதிர்வெயிலில் கால் பட்டை எதுவும் தெரியவில்லை. எண்ண ஆரம்பித்து முப்பதில் குழம்பிவிட்டாள். மறுநாள் போய்ப் பார்த்தாள். திட்டு காலியாக இருந்தது. மரக்கட்டையருகே யாருமில்லை. ஏழு இப்போது எங்கே என்று சொல்ல எந்தத் திரையிலும் புள்ளி கிடையாது.

அதற்கு மறுநாள் அண்ணன் கடைக்கு வந்தார். முட்டிவரை சேறு காய்ந்திருந்தது. வாசலிலேயே நின்றார்.

"ரெண்டு நாளா கரை முழுக்க நடந்துட்டேன். ஓடை, புதர், படகுத்துறை, எல்லா இடமும். செத்துக் கிடந்தா அலை ஒதுக்கியிருக்கும்." செருப்பை உதறினார். "எங்கயும் இல்ல."

அவள் மெஷினை நிறுத்தினாள். "நல்லாப் பார்த்தியாண்ணா?"

"ரெண்டு தடவை பார்த்தேன். போயிடுச்சு, பாப்பா."

அவள் எழுந்து அவருக்கு உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டாள்.